அணுமின்சாரம் பற்றி டெல்டா என்ன நினைக்கிறது, அதை யார் நினைக்க வைக்கிறார்கள்? ஊர் அளவில் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் அணு உலை எதுவும் இல்லை. கல்பாக்கம் நாகப்பட்டினத்துக்கு வடக்கே சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. கூடங்குளம் தஞ்சாவூரிலிருந்து 300 கி.மீ.க்கும் மேல். ஆனாலும் மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ ஒரு டீக்கடையில் பேச்சை எடுத்துப் பாருங்கள், ஆளுக்கொரு தீர்மானமான கருத்து இருக்கும். உலையைக் கண்ணால் பார்த்தவர் அந்தக் கடையில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அப்படியானால் அந்தக் கருத்து அவர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

அதை உங்கள் ஊர் அளவில் விசாரித்து எழுத ஒரு முறை இது. கல்லூரி ப்ராஜெக்ட் செய்கிறவர்கள், உள்ளூர் நிருபர்கள், நூலக வாசகர் வட்டத்தினர், ஊராட்சி உறுப்பினர்கள் யாரும் பயன்படுத்தலாம். அணுமின்சாரம் நல்லதா கெட்டதா என்று இங்கே தீர்ப்பு கிடைக்காது. ஆனால் என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெல்டாக்காரர்களின் அணு உலைக் கருத்தில் பெரும்பகுதி மீத்தேன் எதிர்ப்புப் போராட்டத்திலும் மின்வெட்டிலும் உருவானது. உலையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பாதிதான் பிடிபடும்.

இப்போது செய்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 2025 மத்திய பட்ஜெட் 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்று இலக்கு வைத்தது. அதே வருடம் டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 1962 அணுசக்திச் சட்டத்தையும் 2010 இழப்பீட்டுச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. இனி இரண்டு பக்கத்திலிருந்தும் பிரசாரம் கூடும். அதற்கு முன் ஊர் என்ன நினைக்கிறது என்று பதிவு செய்துவைத்தால், பின்னால் எது எப்படி மாறியது என்று ஒப்பிட முடியும்.

படி 1: "வேண்டும், வேண்டாம்" என்பதை உடையுங்கள்

ஒருவர் "அணு உலை வேண்டாம்" என்கிறார். அதற்குள் விபத்து பயம் இருக்கலாம், புற்றுநோய் பயம் இருக்கலாம், கழிவை எங்கே கொட்டுவார்கள் என்ற கவலை இருக்கலாம். நிலம் போய்விடும், மீன் விலை போகாது என்ற கணக்கு இருக்கலாம். அல்லது "டெல்லியிலிருந்து எது வந்தாலும் நமக்கு நல்லது வராது" என்ற பொதுவான கசப்பாகவும் இருக்கலாம். "வேண்டும்" என்பவருக்கும் அதே கதைதான்: கரண்ட், வேலை, 1998 போக்ரான் அணுகுண்டுச் சோதனையில் பிறந்த பெருமிதம், அப்துல் கலாம் மேல் உள்ள மரியாதை, நிலக்கரிப் புகை மேல் உள்ள வெறுப்பு. இவற்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டில் பத்திகளைக் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.

டெல்டாவில் கட்டாயம் ஒரு தனிப் பத்தி தண்ணீருக்கு வேண்டும். இங்கே எந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி "தண்ணி எங்கேருந்து எடுப்பான்?" என்பதுதான். கூடங்குளத்துக்கு ஆரம்பத்தில் பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் எடுப்பதாகத்தான் திட்டம். குமரி மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள்; நீராவியைக் குளிரவைப்பதற்கும் கடல்நீர்தான். இந்தத் தகவல் தெரிந்தவரும் தெரியாதவரும் வேறு வேறு பதில் சொல்வார்கள் என்பதால், முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள். பதில் வாங்கிய பிறகு சொல்லுங்கள்.

படி 2: உங்களுக்கு முதலில் அடிப்படை தெரியவேண்டும்

பிறர் சொல்வது சரியா தவறா என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் எடைபோட, ஒரு பக்கத்தில் அடங்கும் குறிப்பு போதும். என் குறிப்பில் இவை இருக்கும்:

கல்பாக்கத்தில் தலா 220 மெகாவாட் உலைகள் இரண்டு, 1984இலும் 1986இலும் இயங்கத் தொடங்கியவை. பக்கத்திலேயே 500 மெகாவாட் வேக ஈனுலை (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் வகை). அதன் மையப் பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு ஓடுகின்றன. முதல் உலை 2013 ஜூலையில் தொடர்வினையைத் தொட்டது, 2014 கடைசி நாளில்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது 2017 மார்ச்சில். இன்னும் நான்கு கட்டுமானத்தில். இந்த இரண்டு உலைகளின் மின்சாரத்தில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு ஏறத்தாழப் பாதி. நாட்டின் மொத்த மின்சாரத்தில் அணுமின்சாரத்தின் பங்கு சுமார் 3 சதவீதம்.

கதிர்வீச்சுக்கு அளவு மில்லிசீவர்ட். உலக சராசரியில் ஒரு மனிதருக்கு மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் இயற்கையாகவே வருடத்துக்கு சுமார் 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அணுமின் நிலையத்தால் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரக்கூடாத வரம்பு வருடத்துக்கு 1. உடம்பில் எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனே பல மில்லிசீவர்ட் கொடுக்கும்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து பற்றி மூன்று எண்களைச் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தரப்பும் ஒன்றிரண்டை விட்டுவிடும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 18,000 பேர். கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது ஒரு ஊழியரின் மரணத்தை, அதுவும் 2018இல். ஆனால் வீடுவாசலை விட்டு வெளியேறிய அலைச்சலாலும் சிகிச்சை தடைப்பட்டதாலும் இறந்தவர்கள், பெரும்பாலும் முதியவர்கள், ஃபுகுஷிமா மாகாணத்தில் மட்டும் 2,000ஐத் தாண்டுகிறார்கள். "ஜப்பான்ல அணு உலை வெடிச்சு இருபதாயிரம் பேர் செத்தான்" என்று ஒருவர் சொன்னால் முதல் எண் இடம் மாறியிருக்கிறது. "ஃபுகுஷிமாவில் யாருமே சாகலை" என்று ஒருவர் சொன்னால் மூன்றாவது எண்ணை மறைக்கிறார்.

படி 3: ஊரின் ஞாபகத்தை வருட வரிசையில் போடுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும். ஒரு பெரிய சார்ட் தாளில் இடது பக்கம் உலகத்தில் நடந்தது, வலது பக்கம் உங்கள் ஊரில் அதே சமயம் நடந்தது. செர்னோபில் அணு உலை விபத்து 1986 ஏப்ரல். அன்றைக்கு ஊரில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் யார், ரேடியோவிலா பேப்பரிலா என்று கேட்டால் அறுபதைத் தாண்டிய ஆசிரியர் ஓரிருவர் மட்டும்தான் ஏதாவது சொல்வார்கள். அடுத்தவற்றில் விஷயம் இருக்கிறது.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே அலை கல்பாக்கத்தையும் அடித்தது. கடல்நீர் எடுக்கும் பம்பு அறைக்குள் வெள்ளம் புகுந்தது, அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் உயிரிழப்பு ஏற்பட்டது. ஒரே சம்பவம், இரண்டு பாடம். அணுசக்தித் துறை பேசும்போது "சுனாமியே வந்தும் உலைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள், அது உண்மை. நாகப்பட்டினம் பக்கத்து மீனவ ஊரான அக்கரைப்பேட்டையில் அதைச் சொல்லிப் பாருங்கள். "அன்னிக்கு எங்களுக்கு ஒரு வார்த்தை முன்னாடி சொல்ல ஆளில்லை" என்ற பதில்தான் வரும். அதுவும் உண்மை. உலை எவ்வளவு உறுதி என்பது அவர்கள் கேள்வியே இல்லை. ஏதாவது நடந்தால் நமக்குச் சொல்வார்களா என்பதுதான் கேள்வி.

2012. கூடங்குளம் போராட்டத்தின் உச்சம். இந்த வருடத்தை டெல்டாவில் வேறு எதற்காக ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். சென்னைக்கு 2 மணி நேரம் மின்வெட்டு, மற்ற மாவட்டங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. அந்த வருடம் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லை, பம்புசெட்டை நம்பித்தான் குறுவை; பம்புசெட்டுக்குக் கரண்ட் இல்லை. அரசு அறிவித்த குறுவைத் தொகுப்பிலேயே 12 மணி நேர மும்முனை மின்சாரம் ஒரு முக்கிய அம்சமாக இருந்தது. அந்தச் சமயத்தில் "கூடங்குளம் திறந்தா கரண்ட் வந்துடும்" என்ற ஒரு வரிக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும்! கூடங்குளம் போராட்டம் நடந்த இடிந்தகரைக்குப் பரிவு காட்டிய டெல்டா விவசாயி அதே மூச்சில் "சீக்கிரம் ஓட்டித் தொலைங்கப்பா" என்றும் சொல்லியிருப்பார். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை அடிக்காதீர்கள்.

அதற்கடுத்து மீத்தேன். மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010இல் ஒப்பந்தம், ஊர் ஊராக எதிர்ப்பு. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தபோது அந்தப் பிரசாரத்தில்தான் இருந்தார். 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம். அதே வருடம் ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு, தீ, கைது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். இந்தச் சட்டத்தின் அட்டவணையில் எந்தெந்தத் தொழில்கள் தடை என்று நீங்களே ஒருமுறை வாசியுங்கள். "டெல்டாவுல இனி எதுவுமே வராது" என்று நம்புகிறவர்கள் நிறைய.

பத்து வருடத்துக்கும் மேலாக நடந்த இந்தப் போராட்டங்கள் டெல்டாவுக்கு ஒரு வாசிப்பு முறையைக் கற்றுக்கொடுத்தன: அதிகாரி "சும்மா ஆய்வுதான்" என்றால் அடுத்தது என்ன என்று கேள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. (நெய்வேலி நிலக்கரி நிறுவனம்) கால்வாய்க்காக விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் பொக்லைன் இறங்கிய காட்சி டிவியில் ஓடியபோது அந்த வாசிப்பு இன்னும் உறுதிப்பட்டது. என்.எல்.சி.யும் கரண்ட் கொடுக்கும் அரசு நிறுவனம்தான். அணுமின் நிலையம் என்றதும் மனதில் வரும் படம் இவற்றிலிருந்து எடுத்தது என்றால் அதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். மக்கள் ஆபத்தை எடைபோடுவது சாவு எண்ணிக்கையை வைத்து மட்டும் அல்ல. எவ்வளவு திகிலூட்டுகிறது, எவ்வளவு தெரியாததாக, கண்ணுக்குத் தெரியாததாக இருக்கிறது என்பதை வைத்து என்று காட்டினார். அணு உலை இரண்டிலும் உச்சத்தில் வரும். மதிக்கவேண்டிய ஆய்வு. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு டெல்டாவுக்கு வந்தால் "மக்களுக்குப் பயம்" என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடுவோம். மத்திய அரசு 2012இல் போராட்டக்காரர்களுக்கு மனநல ஆலோசனை கொடுக்க பெங்களூரு நிம்ஹான்ஸை நாடியதே, அந்தப் பார்வையின் எல்லை அது.

படி 4: பேசுகிறவர்களைப் பட்டியலிடுங்கள்

ஒவ்வொரு பேச்சாளருக்கும் மூன்று கேள்வி: இவருக்கு இதில் என்ன லாபம் அல்லது நஷ்டம்? இவருக்கு நேரடியாக எவ்வளவு தெரியும்? வேறு எந்த விஷயத்தில் சம்பாதித்த நம்பிக்கையை இங்கே செலவழிக்கிறார்? மூன்றாவதுதான் முக்கியம்.

அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 நவம்பரில் கூடங்குளம் போய்ப் பார்த்து, உலை பாதுகாப்பானது என்றார். அந்தப் பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் ஒன்றையும் முன்வைத்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர், டெல்டாவில் அவர் படம் மாட்டாத பள்ளி அபூர்வம். அவர் ராக்கெட், ஏவுகணை விஞ்ஞானி. உலைப் பொறியாளர் அல்ல. அந்த வேறுபாட்டைக் கவனித்தவர்கள் குறைவு. மறுபக்கம், மீத்தேனில் ஊரோடு நின்ற சூழலியல் இயக்கத்துக்காரர் அணு உலை பற்றிப் பேசும்போதும் இதேதான் நடக்கிறது: "அன்னிக்கு அவங்க சொன்னதுதானே நெசமாச்சு, இதுவும் நெசமாத்தான் இருக்கும்." நம்பிக்கை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றப்படுகிறது. கேட்பவர் ஏமாளி என்பதல்ல; தனக்குத் தெரியாத துறையில் வேறென்ன செய்வார்?

கட்சிகளுக்கு ஒரு தனிப் பக்கம். ஜெயலலிதா அமைச்சரவை 2011 செப்டம்பரில், மக்கள் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2012 மார்ச் 18இல் சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாள், மார்ச் 19, அதே அமைச்சரவை உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது, 500 கோடி ரூபாய் வளர்ச்சித் தொகுப்போடு. தி.மு.க. அப்போது மத்திய ஆட்சியில் பங்காளி. டெல்டாவில் செங்கொடிக்கு வேர் ஆழம், ஆகவே இடதுசாரிகளைத் தவிர்க்காதீர்கள்: மார்க்சிஸ்ட் கட்சி மகாராஷ்டிரத்தின் ஜெய்தாப்பூர் உலையை எதிர்த்தது, தமிழ்நாட்டில் கூடங்குளத்தை இயக்கவேண்டும் என்ற நிலை எடுத்தது, அதே கட்சியின் கேரள மூத்த தலைவர் அச்சுதானந்தன் போராட்டக்காரர்களைப் பார்க்கக் கிளம்பி 2012 செப்டம்பரில் களியக்காவிளையில் தடுக்கப்பட்டுத் திரும்பினார். உங்கள் ஊர் கிளைச் செயலாளரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். நல்ல உரையாடல் கிடைக்கும், டீக்கு அவரே காசு கொடுத்துவிடுவார்.

அரசுத் தரப்பு ஒரே குரல் அல்ல. உலையை நடத்துவது இந்திய அணுமின் கழகம். கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், 1983இல் அமைத்தது. அது அணுசக்தி ஆணையத்துக்குக் கீழே இருந்தது. ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். கண்காணிப்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற கேள்வியை 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுப்பினார். 2025 சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு சுதந்திரம் என்பதை இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

போராட்டத் தரப்பும் ஒரே குரல் அல்ல. சுப. உதயகுமார் ஒருங்கிணைத்த மக்கள் இயக்கம், பூவுலகின் நண்பர்கள் சார்பில் சுந்தர்ராஜன் நடத்திய வழக்கு, இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் மாதக்கணக்கில் உட்கார்ந்த மீனவப் பெண்கள்: மூவரின் மொழியும் வேறு. வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 6 அன்று உலையை அனுமதித்தது, கூடவே பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. தீர்ப்பின் முதல் பாதியை ஒரு தரப்பும் இரண்டாம் பாதியை இன்னொரு தரப்பும் மேற்கோள் காட்டும். பிரதமர் மன்மோகன் சிங் 2012 பிப்ரவரியில் ஒரு அமெரிக்க அறிவியல் இதழ் பேட்டியில், போராட்டத்தின் பின்னால் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். "வெளிநாட்டுக் காசு" என்ற வாதம் ஊருக்குள் இன்றும் கேட்டால், அதன் பெரிய ஊற்று அங்கே இருக்கிறது.

அப்புறம், மேடை ஏறாத பேச்சாளர்கள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் இருக்கும் சித்தப்பா. திருச்சி பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆலையிலிருந்து அணு உலைகளுக்கு நீராவி உற்பத்திக் கலன்கள் போகின்றன. பத்தாம் வகுப்பு அறிவியலில் அணுக்கரு இயற்பியல் பாடம் நடத்தும் டீச்சர். புற்றுநோய்க்குக் 'கரண்ட்' வைத்துக்கொண்டு வந்த அத்தை. கதிர்வீச்சு சிகிச்சையை ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். கதிர்வீச்சு உயிரைக் காப்பாற்றியதும் அவருக்குத் தெரியும், தோல் கறுத்து வாய் புண்ணானதும் தெரியும். இந்தத் தலைப்பில் சொந்த உடம்பால் பேசத் தகுதியுள்ளவர் ஊரில் அவர் ஒருவர்தான், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

படி 5: பழைய பேப்பர் கட்டு

மாவட்ட மைய நூலகத்தில் பழைய நாளிதழ்கள் கிடைக்கிறதா என்று கேளுங்கள். 2011 செப்டம்பர் முதல் 2012 மார்ச் வரை போதும். இரண்டு நாளிதழ், இரண்டிலும் அதே வாரம். செய்தி சரியா தவறா என்று பார்க்கவேண்டாம். யார் வாயிலிருந்து வருகிறது என்று மட்டும் எண்ணுங்கள்: அமைச்சர், விஞ்ஞானி, காவல்துறை, போராட்டத் தலைவர், பெயர் சொல்லாத "பொதுமக்கள்", உண்மையான பெயரோடு ஒரு மீனவர். படத்தில் யார் இருக்கிறார்கள், மின்வெட்டுச் செய்தி அதே பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் குறியுங்கள். இரண்டு செய்திகளை அருகருகே வைத்தாலே ஒரு வாதம் உருவாகிவிடும், எவரும் ஒரு வரி எழுதத் தேவையில்லை.

படி 6: ஆட்களிடம் போங்கள்

நேரம் முதலில். நடவு சமயத்திலும் சம்பா அறுவடையின்போதும் யாருக்கும் உங்களோடு பேச நேரமிருக்காது. உளுந்து, பயறு எடுத்து முடிந்து கோடை தொடங்கும் மாதங்கள் தோது. கடற்கரை ஊர்களில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் இரண்டு மாதம் ஆண்கள் கரையில் இருப்பார்கள்.

டீக்கடையில் தொடங்குங்கள், அங்கேயே முடிக்காதீர்கள். கடையில் உரக்கப் பேசுகிறவர் ஒருவர், மற்றவர்கள் தலையாட்டுகிறவர்கள். தலையாட்டியவரை மறுநாள் அவர் திண்ணையில் பார்த்தால் வேறு சேதி சொல்வார். நூறு நாள் வேலையில் மர நிழலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், மகளிர் குழுக் கூட்டம், மீன் ஏலக் கூடம் ஆகியவற்றையும் சேர்க்காவிட்டால் உங்கள் ஆய்வு ஆண்களின் டீக்கடை ஆய்வாகவே நின்றுவிடும்.

கேள்வியை எப்படிக் கேட்பது? "பெரியப்பா, அணுமின்சாரம் வேணுமா வேணாமா?" என்றால் இப்படித்தான் போகும்:

"எனக்கென்ன தம்பி தெரியும், அதெல்லாம் படிச்சவங்க சொல்லணும்."

முடிந்தது. அதையே மாற்றிக் கேளுங்கள்.

"கூடங்குளம்னு சொன்னா ஒங்களுக்கு மொதல்ல என்ன ஞாபகம் வருது, பெரியப்பா?"

"அதுவா... கரண்ட் இல்லாத காலம். ராத்திரி பன்னண்டு மணிக்கு மோட்டாருக்கு உசிரு வரும். டார்ச்ச எடுத்துக்கிட்டு வரப்புல போவேன். பாம்பு கெடக்கும்."

"அப்ப அதத் தெறக்கணும்னு சொன்னாங்களே, யாரு சொன்னா?"

"டிவில சொன்னான். நம்ம கட்சிக்காரன் சொன்னான். ஆனா பாரு, கடலோரத்து சனம் பாவம். நாளைக்கு இங்க குழாய் போடறேன்னு வந்தா நம்மளயும் அப்படித்தானே அடிப்பான்?"

இந்த மாதிரி ஒரு பேச்சில் மின்வெட்டு, டிவி, கட்சி, மீத்தேன் எல்லாமே வந்துவிடுகிறது. "ஆமாம், இல்லை" கட்டத்தில் டிக் அடித்திருந்தால் இவர் எந்தக் கட்டத்தில் விழுவார்?

கேட்க ஐந்து கேள்வி போதும். முதலில் ஞாபகம் வருவது எது. அதை யார் சொல்லித் தெரியும். அதில் யார் பேச்சை நம்புவீர்கள், ஏன். யார் சொன்னால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள். பக்கத்து ஊருக்கு வந்தால் ஒரு பேச்சு, நம்ம ஊருக்கு வந்தால் ஒரு பேச்சா. நான்காவது கேள்வியில்தான் உண்மையான செல்வாக்கு யாருடையது என்று வெளிப்படும். மாவட்ட ஆட்சியர் என்று சொல்வார்கள் என எதிர்பார்க்கிறீர்களா? கால்நடை மருத்துவர், உரக்கடைக்காரர், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்று பதில் வந்தால் திகைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆபத்தான அணு உலை", "தூய்மையான அணுமின்சாரம்" போன்ற அடைமொழிகள் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. மரண எண்ணிக்கைகளையும் பேட்டிக்கு நடுவே எடுக்காதீர்கள். ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரியின் காற்று மாசால் நேரும் சாவு அணுமின்சாரத்தை விடப் பல நூறு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன, உண்மைதான். ஆனால் அதை நீங்கள் சொன்ன நிமிடம் எதிரில் இருப்பவர் உங்களை ஒரு தரப்பின் ஆளாக முடிவுகட்டிவிடுவார்.

படி 7: ஒரு வதந்தியின் வாலைப் பிடியுங்கள்

வாட்ஸ்அப் குரல் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, யார் அனுப்பினார், அவருக்கு யார் அனுப்பினார் என்று பின்னாலேயே போங்கள். மூன்று நான்கு கைக்கு மேல் போவது கடினம், பரவாயில்லை. எந்த வகை ஆள் அதை முன்னனுப்பினார் என்பது கிடைத்தால் போதும்.

எல்லா வதந்தியும் பொய்யாக முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். 2019 அக்டோபரில் கூடங்குளம் கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்துவிட்டது என்று சமூக ஊடகத்தில் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையத் தரப்பு அதைத் தவறான தகவல் என்று மறுத்தது. மறுநாள், 30ஆம் தேதி, அணுமின் கழகம் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. பாதிப்பு நிர்வாகப் பிரிவுக் கணினியில்தான், உலையை இயக்கும் கட்டமைப்பு தனியானது, அதற்குப் பாதிப்பில்லை என்று விளக்கியது. தொழில்நுட்ப ரீதியில் அந்த விளக்கம் நியாயமானது. ஆனால் மறுத்த அந்த ஒரு நாள், பல வருட விழிப்புணர்வுக் கண்காட்சிகளைக் கரைத்துவிட்டது. இது என் கருத்து; உங்கள் பேட்டிகளில் யாராவது இதைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு வகை, பெயர்க் குழப்பம். தேனி பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அணு உலை அல்ல, மின்சாரமும் தயாரிக்காது. மலையைக் குடைவது, வனம் என அதற்கு வேறு கவலைகள் உண்டு. ஆனால் அது அணுக்கழிவுக் கிடங்கு என்ற பேச்சு டெல்டா வரை வந்தது. நேர்மாறான உதாரணமும் உண்டு: பாபா அணு ஆராய்ச்சி மையம் கதிர்வீச்சைப் பயன்படுத்தி உருவாக்கிய நிலக்கடலை ரகங்களை விவசாயிகள் தயக்கமில்லாமல் விதைக்கிறார்கள். விதையைக் கொண்டுவருவது வேளாண்துறை. அவர்கள் நம்பியது அந்தத் துறையை.

படி 8: காகிதத்தில் கேளுங்கள்

ஊரில் கேட்ட சந்தேகங்களில் இரண்டு மூன்றை எடுத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் அனுப்புங்கள், கட்டணம் 10 ரூபாய். "உலை பாதுகாப்பானதா?" என்று கேட்டால் "ஆம்" என்று வரும். "இந்த ஆண்டு நிலையத்தைச் சுற்றி எடுத்த சுற்றுச்சூழல் கதிர்வீச்சு அளவீடுகளின் நகல் தரவும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். எதைக் கொடுத்தார்கள், எதைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தார்கள், எத்தனை நாளில் என்பதெல்லாம் உங்கள் ஆய்வுக்குள் வரும் தரவுதான். சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு பற்றிய 2006 அறிவிக்கையும் தமிழில் சுருக்க அறிக்கை, குறைந்தது 30 நாள் அவகாசம் ஆகியவற்றைக் கட்டாயமாக்குகிறது. எந்தத் திட்டமானாலும் அந்தச் சுருக்கத்தை வாங்கிப் படியுங்கள். தமிழ் வாக்கியம் எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்று சில இடங்களில் சந்தேகம் வரும்.

படி 9: எழுதுவது

சதவீதம் போடாதீர்கள். ஒரு ஊரில் நாற்பது பேரிடம் பேசிவிட்டு "62.5% பேர் எதிர்ப்பு" என்று எழுதினால், அடுத்த மாதம் அது "டெல்டா மக்களில் 62.5 சதவீதம்" என்று யாரோ ஒருவரின் மேடைப் பேச்சில் வந்து நிற்கும். யார் யாரை நம்புகிறார்கள் என்று கோடு போட்டு ஒரு படம் வரையுங்கள். எத்தனை கோடுகள் ஒரே ஆளிடம் போய்ச் சேர்கின்றன என்று பார்த்தாலே உங்கள் ஊரின் கருத்தை உருவாக்குகிறவர் தெரிந்துவிடுவார். பெரும்பாலும் அவர் அணு பற்றி எதுவுமே பேசியிருக்கமாட்டார். 2017இல் கைதானவர்களை ஜாமீனில் எடுத்தவராகவோ, 2012இல் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிக் கொடுத்தவராகவோ இருப்பார்.

பெயர்களை மாற்றிவிடுங்கள். கூடங்குளம் போராட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத் துரோக வழக்கு வரை பாய்ந்தது, அது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். குரல் பதிவு செய்வதாக இருந்தால் முன்பே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகும் முன் அவரவர் சொன்ன பகுதியை அவரவருக்குப் படித்துக்காட்டி, எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். முடிந்த அறிக்கையின் ஒரு பிரதி ஊர் நூலகத்துக்கு, ஒன்று பள்ளிக்கு, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு. கிராம சபையில் வாசிக்க நினைத்தால் ஆகஸ்ட் 15 கூட்டம் பரவாயில்லை. அக்டோபர் 2 அன்று பலர் நடவு வயலில் இருப்பார்கள், ஜனவரி 26 அன்று அறுவடை மெஷினுக்குப் பின்னால் நிற்பார்கள்.